ஷியோன் கோட்டையின் கைதிகள்

கவிதை ஒரு கட்டிடத்தை விழுங்கிவிடுவது உண்டு. ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள ஷியோன் கோட்டைக்கு நேர்ந்தது அதுதான். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் வகுப்பில் ‘ஷில்லான்’ என்று சொல்லிப் பழகிய பெயர் இது. அந்தப் பக்கத்து மக்கள் பேசும் பிரெஞ்சில் ஷியோன். பைரனின் ‘ஷில்லான் கைதி’ 1816 டிசம்பரில் வெளிவந்தது. அதற்குப் பிறகு அங்கே போகிறவர்களில் பலரும் தேடுவது கோட்டையை அல்ல, நிலவறையில் நிற்கும் ஒரு தூணை. அந்தத் தூணில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர் பிரான்ஸ்வா பொனிவார். வேறொரு தூணில் பைரனின் பெயர் செதுக்கியிருக்கிறது. அவரே செதுக்கியதா, அல்லது வேறு யாரோ அவருக்காகச் செய்த கைங்கரியமா என்று தீர்மானமாகச் சொல்வதற்கில்லை. ஆனாலும் பத்திரமாகப் பாதுகாத்து வருகிறார்கள்.

கோட்டையைப் பற்றிய எழுத்துச் சான்று 1150லேயே கிடைத்துவிடுகிறது. அங்கிருந்து பைரன் வரை 666 வருஷங்கள். அதில் பொனிவார் அங்கே கிடந்தது ஆறு வருஷம். மற்ற வருஷங்களில் அங்கே யாரை அடைத்தார்கள், அடைத்தவர்களின் வாயிலிருந்து என்ன எழுதி வாங்கினார்கள் என்பதைக் கவனித்தால், பைரனின் கவிதையையே கொஞ்சம் வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இடம். ஏரியின் கிழக்குக் கோடியில், மோந்த்ரோ நகருக்கும் வில்நெவ் ஊருக்கும் நடுவில், மலை ஏறக்குறைய செங்குத்தாகத் தண்ணீர் வரை இறங்கிவிடுகிறது. மலைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு பாதைக்குத்தான் இடம். கரையை ஒட்டி ஒரு பாறை, சிறு தீவு மாதிரி. அந்தப் பாறையின் வடிவத்துக்கு ஏற்றாற்போல் வளைந்து நீண்டு கிடக்கிறது கோட்டை. பர்கண்டியிலிருந்து இத்தாலிக்குப் போகிற பழைய வழி இந்தக் குறுகலில் நுழைந்து, பிறகு 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெரிய சான் பெர்னார் கணவாய்க்கு ஏறும். வியாபாரி, யாத்ரீகன், பாதிரி, கூலிப்படைக்காரன், எல்லோருக்கும் அதுதான் வழி. இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டவனுக்குச் சண்டை போட வேண்டிய அவசியமே அதிகம் இல்லை. கையை நீட்டினால் போதும். சவாய் வம்சத்துப் பிரபுக்கள் 12ஆம் நூற்றாண்டில் உட்கார்ந்துகொண்டார்கள். 1214இல் அவர்களில் தோமா என்பவர் பக்கத்தில் வில்நெவை உண்டாக்கினார். பெயருக்கு அர்த்தம் ‘புதூர்’ என்பதுதான். சுங்கம் அங்கே, அதற்குக் காவல் இங்கே. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பியேர் கோட்டையை விரிவாக்கினார். இன்று நாம் படங்களில் பார்ப்பது பெரும்பாலும் அப்போது உருவான வடிவம். சாலையைப் பார்த்த பக்கம் கனத்த மதில், கோபுரங்கள், அம்பெய்யும் துவாரங்கள். ஏரியைப் பார்த்த பக்கம் பிரபுக்கள் உட்கார்ந்து காற்று வாங்கும் ஜன்னல்கள்.

கீழே, பாறையின் மேலேயே தூண்களை எழுப்பி வளைவுக் கூரை போட்ட நிலவறைகள். ரொமாண்டிக் காலத்துப் பயணிகள் மாதாகோவிலுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி மெய்மறந்து நின்ற இடம் இது. முதலில் சாமான்களையும் ஆயுதங்களையும் போட்டு வைக்கவே அதைக் கட்டினார்கள். கிடங்கு சிறையாவதற்கு அதிக வேலை தேவையில்லை. சுவரில் ஒரு வளையம் அடித்தால் ஆயிற்று.

பொனிவார் 1493இல் பிறந்தவர். ஜெனீவாவுக்கு வெளியே இருந்த சான் விக்தோர் மடத்தின் தலைவர். மடத் தலைவர் என்றதும் ஜபமாலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். நிலம், குத்தகை, வருமானம் எல்லாம் கூடவே வருகிற பதவி அது. ஜெனீவா நகரம் சவாய் டியூக்கின் பிடியிலிருந்து விலகி பெர்ன், ஃப்ரிபூர் நகரங்களோடு கூட்டுச் சேர முயன்ற காலம். பொனிவார் நகரத்தின் பக்கம். அதில் சுதந்திர வேட்கையும் இருந்தது, மடத்தின் வருமானம் சவாய்க்காரன் கைக்குப் போய்விடக்கூடாது என்ற கவலையும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவரே சிரமப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். 1519இல் ஒருமுறை பிடிபட்டு 1521 வரை சிறையில் இருந்தார். 1530இல், நோயுற்ற தாயாரைப் பார்க்க டியூக்கிடமே பாதுகாப்பு அனுமதி வாங்கிக்கொண்டு போன பயணத்தில், லோசானுக்கு அருகே காட்டு வழியில் மறித்துப் பிடித்தார்கள். பிடித்தது வேறு யாருமில்லை, ஷியோன் கோட்டையின் அதிகாரி.

முதல் இரண்டு வருஷம் மேலே ஒரு அறையில், மரியாதை குறையாமல்தான் வைத்திருந்தார்கள். பிறகு டியூக் கோட்டைக்கு வந்தார். அந்த வருகைக்குப் பின் பொனிவாரைக் கீழே இறக்கினார்கள். நாலு வருஷம் நிலவறை. சங்கிலி எட்டிய தூரம் நடந்து நடந்து பாறையில் தடம் விழுந்துவிட்டது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். நடப்பதற்கு அவகாசத்துக்குக் குறைவில்லை என்கிற ஒரு கேலித் தொனியோடு எழுதியிருக்கிறார் என்பதுதான் முக்கியம். 1536 மார்ச் 29ஆம் தேதி பெர்ன் படை சாலை வழியாகவும், ஜெனீவாப் படகுகள் ஏரி வழியாகவும் வந்து கோட்டையைப் பிடித்தன. பொனிவார் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு இன்னும் 34 வருஷ வாழ்க்கை. ஒரு நாவலாசிரியனுக்கு இங்கேதான் விஷயம். திரும்பி வந்தபோது அவருடைய மடமே இல்லை, இடித்துவிட்டிருந்தார்கள். ஊர் புராட்டஸ்டண்டாக மாறியிருந்தது. நகரசபை அவருக்கு ஒரு ஓய்வூதியம் கொடுத்தது. நாலு முறை கல்யாணம் செய்துகொண்டார். கால்வினின் ஜெனீவாவில் பகடை ஆடக்கூடாது. பிரெஞ்சுக் கவி க்ளெமான் மாரோவோடு ஆடினார் என்று மதக் கண்காணிப்புச் சபையின் விசாரணைக்கு உள்ளானார். 1542இல் நகரத்தின் வரலாற்றை எழுதச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தார்கள். எழுதினார். நடை ஒழுங்கற்றது என்று கால்வினுக்கு அது ரசிக்கவில்லை; அச்சேறவில்லை. நாலாவது மனைவி முன்னாள் கன்னியாஸ்திரீ. கணவனுக்குத் துரோகம் செய்தாள் என்று குற்றம் சாட்டி 1565இல் அவளை நகர நீதிமன்றம் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றது. கிழவர் 1570 வரை இருந்தார். அவர் விட்டுப்போன புத்தகங்களிலிருந்துதான் ஜெனீவாவின் பொது நூலகம் தொடங்குகிறது.

பைரனின் கவிதையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இருக்கவும் நியாயமில்லை. 1816 ஜூன் கடைசியில் பைரனும் ஷெல்லியும் படகில் ஏரியைச் சுற்றினார்கள். இருவருடைய மனசிலும் ரூசோவின் நாவல் ‘ஜூலி’. 1761இல் வந்த அந்த நாவலின் களம் இதே கரை. கதாநாயகி ஷியோனுக்கு அருகில் தண்ணீரில் விழுந்த தன் குழந்தையைக் காப்பாற்றக் குதித்து, அதனாலேயே படுத்து இறக்கிறாள். கோட்டைக்குள் போனார்கள். நிலவறையைப் பார்த்தார்கள். திரும்புகிற வழியில், லோசானுக்குக் கீழே ஊஷி துறையில் மழை அவர்களை நகரவிடாமல் பிடித்து வைத்தது. (ஜாவாவுக்குக் கிழக்கே தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்ததால் அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள். ஆங்கிலக் கவிதைக்கு அந்த எரிமலை செய்த உபகாரத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) விடுதியில் அடைபட்டுக் கிடந்த அந்த ஓரிரு நாளில் பைரன் 392 வரிகளை எழுதினார்.

கவிதையின் பொனிவாருக்கு ஒரு குடும்பமே உண்டு. தகப்பனும் சகோதரர்களும் நம்பிக்கைக்காக மடிகிறார்கள். மிஞ்சிய மூன்று சகோதரர்கள் மூன்று தூண்களில். இரண்டு தம்பிகளும் அண்ணன் கண்ணெதிரே, சங்கிலி எட்டாத தூரத்தில், செத்துப்போகிறார்கள். ஒரு பறவை வருகிறது, போகிறது. கடைசியில் விடுதலை வரும்போது அவனுக்குச் சிறை பழகிவிட்டிருக்கிறது. அந்த முடிவு பெரிய கவிஞனால் மட்டுமே எழுதக்கூடியது. மற்றபடி பைரனின் வழக்கமான நாடகத்தனம் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கிறது. சகோதரர்கள் விஷயம் முழுக்கக் கற்பனை. பைரன் அதை மறைக்கவும் இல்லை. எழுதியபோது பொனிவாரின் வரலாறு தனக்குப் போதுமான அளவு தெரிந்திருக்கவில்லை என்று குறிப்பில் ஒப்புக்கொண்டார். தெரிந்த பிறகு பொனிவாரைப் போற்றி ஒரு சானட்டை முன்னால் சேர்த்தார். பொனிவார் எழுதிய வரலாறு 1831இல்தான் அச்சில் வந்தது. அதற்குள் பைரனே இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஆகவே பைரன் பொய் சொன்னார் என்று சண்டைக்குப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கவிதை, தான் கவிதை என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறது.

அதே கோட்டையில் எழுதப்பட்ட இன்னொரு எழுத்து இருக்கிறது. அது அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

1348. கொள்ளைநோய் தெற்கிலிருந்து ஏறி வருகிறது. யூதர்கள் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் விஷம் போடுகிறார்கள் என்ற வதந்தி அதற்கு முன்னாலோ கூடவோ வருகிறது. சவாய் பிரபு ஆறாம் அமதேயுக்கு அப்போது 14 வயது; ஆட்சி மற்றவர்கள் கையில். ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களில் யூதர்களைப் பிடித்து ஷியோனுக்குக் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி விசாரிக்கப்பட்டவர் பலவிஞ்ஞி என்ற அறுவை வைத்தியர், எதிர்க்கரையில் தோனோனில் குடியிருந்தவர். ‘கொஞ்ச நேரம்’ மட்டும் சித்திரவதைக்கு உட்படுத்தினோம், இறக்கியதும் ஒப்புக்கொண்டார் என்று பதிவு சொல்கிறது. பிற்பாடு சொன்னதெல்லாம் தானாகச் சொன்னது என்கிற மாதிரி ஒரு சுத்தமான தோற்றம். மோசேயின் ஐந்து புத்தகங்களின் மேல் சத்தியம் வேறு.

என்ன ஒப்புக்கொண்டார்? ஷாம்பெரியில் தங்கியிருந்த, தொலேதோ ஊரைச் சேர்ந்த ஒரு ரப்பி ஒரு பையன் மூலம் விஷம் அனுப்பினார். முட்டை ஓட்டுக்குள் வைத்து வந்தது. மெல்லிய தோல் பையில் தைத்த பொடி. கூடவே கடிதம்: போடாவிட்டால் சமூக விலக்கு. இத்தோடு விடவில்லை. ஷியோனிலிருந்து படகில் ஏற்றிக் கிளாரன்ஸுக்கு அழைத்துப்போய், எந்த ஊற்று என்று காட்டச் சொன்னார்கள். காட்டினார். நோட்டரி ஒருவர் பலர் முன்னிலையில் தேடினார். தண்ணீர் வெளியேறும் குழாயில் ஒரு துணி கிடைத்தது. இதுதானா? இதுதான். பொடி என்ன நிறம்? சிவப்பும் கறுப்பும்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். தோல் பை, முட்டை ஓடு, இரண்டு நிறம், குழாயில் சிக்கிய கந்தல்: ஒரு நல்ல சிறுகதையில் நாம் தேடுவது இந்த மாதிரி விவரங்களைத்தான். அருவமாகப் பேசாதே, பொருளைக் காட்டு என்று புதிதாக எழுதுகிறவனுக்கு உபதேசம் செய்கிறோம். ஸ்தூலமான விவரம் வந்ததும் வாசகனுடைய சந்தேகம் அடங்கிவிடுகிறது. ஷியோன் விசாரணைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. உத்தரத்தில் தொங்குகிறவனிடம் ‘விஷம் வைத்தாயா’ என்று மட்டும் கேட்பதில்லை. எந்தப் பையில், என்ன நிறம், எந்தக் கல்லுக்கு அடியில் என்று கேட்கிறார்கள். வலி தாங்காதவன் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பதில் கண்டுபிடித்தாக வேண்டும். கந்தல் இல்லாத ஊற்று எங்கே இருக்கிறது? நோட்டரிக்கும் சிரமம் இருந்திருக்காது.

மற்றவர்களும் இருந்தார்கள், பெரும்பாலும் வில்நெவ்காரர்கள், அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. ஒருவர் வாக்குமூலத்தில் வந்த பெயர் அடுத்தவரை இழுத்து வந்தது. வில்நெவ் யூதர்களை எரித்தார்கள்.

விஷயம் அங்கேயே முடிந்திருந்தால் அந்த வருஷத்துப் பல கொடுமைகளில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் ஸ்ட்ராஸ்பர்க் நகரசபை, எங்களிடமும் யூதர்கள் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதியது. ஷியோன் கோட்டை அதிகாரி வாக்குமூலங்களின் நகலை ஒரு கடிதத்தோடு அனுப்பி வைத்தார். இதில் ஒரு விஷயம் உறைக்கிறது. அந்த அதிகாரி வெறிபிடித்தவர் இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதினார். ஆபீஸ் வேலை.

அதே செப்டம்பரில், 26ஆம் தேதி, அவிஞ்ஞோனிலிருந்து போப் ஆறாம் க்ளெமென்ட் ஆணை பிறப்பித்தார். யூதர்களும் இந்த நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடத்திலும் நோய் பரவுகிறது, அப்படியிருக்க இது எப்படி அவர்கள் செயலாகும் என்பது அவர் வாதம். இதற்குப் பதிலே கிடையாது. ஆனால் வாதத்தில் தோல் பை இல்லை, இரண்டு நிறப் பொடி இல்லை. பாசல் நகரம் 1349 ஜனவரி 9ஆம் தேதி தன் யூதர்களை எரித்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரசபைத் தலைவர்கள், தங்கள் ஊர் யூதர்கள் மேல் குற்றம் எதுவும் காணவில்லை என்று கடைசிவரை எதிர்த்து நின்றார்கள். பிப்ரவரியில் அவர்களை இறக்கிவிட்டுப் புதிய சபை வந்தது. சில நாளில், பிப்ரவரி 14ஆம் தேதி சனிக்கிழமை, யூதர்களை அவர்களுடைய இடுகாட்டுக்கே ஓட்டிப்போய் எரித்தார்கள். சுமார் 2,000 பேர் என்று பழைய வரலாற்று ஏடுகள் கணக்குச் சொல்கின்றன. ஞானஸ்நானத்துக்கு ஒப்புக்கொண்டவர்கள் தப்பினார்கள். யூதர்களிடம் ஊர்க்காரர்கள் பட்டிருந்த கடன்கள் ரத்தாயின. கொள்ளைநோய் அப்போது ஸ்ட்ராஸ்பர்க்குக்கு வந்திருக்கவே இல்லை. அது அந்தக் கோடையில்தான் வந்தது.

ஷியோனின் நகல் ஒன்று மட்டுமே இத்தனையையும் செய்தது என்று சொல்லமாட்டேன். கடன் பத்திரங்கள் பேசின, கைத்தொழில் சங்கங்களின் கோபம் பேசியது. ஆனால் கோபத்துக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது, கொடுத்தது ஷியோன். அந்தக் காகிதம் ஸ்ட்ராஸ்பர்க்கில் 1698இல் பழைய நகர வரலாறு ஒன்றோடு சேர்ந்து அச்சாகிவிட்டது, அதாவது பைரன் படகேறுவதற்கு 118 வருஷம் முன்னால். 1832இல் ஹெக்கர் என்ற ஜெர்மன் மருத்துவர் கொள்ளைநோய் பற்றிய தம் நூலில் சேர்த்தார். மறு வருஷமே ஆங்கிலத்திலும் வந்தது. ஆக, தெரியாமல் போனதற்குக் காரணம் ஆவணம் இல்லாமை அல்ல. பொனிவாரின் சொந்த எழுத்தைக் காட்டிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகப் பலவிஞ்ஞியின் வாக்குமூலம் அச்சில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு ரசிகனுக்கு வேண்டியிருந்தது தனி மனிதன், சங்கிலி, தூண், சுதந்திரம். தெலக்ருவா 1834இல் தீட்டியது பைரனுடைய கைதியை. ஹென்றி ஜேம்ஸின் டெய்சி மில்லர் 1878இல் கோட்டைக்கு உல்லாசப் பயணம் போகிறபோது அவளுக்கு வழித்துணையாக வந்தவன் விளக்கிச் சொல்வதும் பொனிவார் கதையைத்தான். அவள் அதைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பது ஜேம்ஸின் குறும்பு.

பிந்திய சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1536 முதல் 1798 வரை பெர்னின் ஆட்சி. அதிகாரி 1733 வரை கோட்டையில் குடியிருந்தார், பிறகு வெவே நகருக்குப் போய்விட்டார். விடுதலை செய்ய வந்தவர்களும் நிலவறையைச் சும்மா விட்டுவைக்கவில்லை. சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களை அங்கே அடைத்தார்கள். அந்த வட்டாரத்தில் அப்படி எரிக்கப்பட்டவர்களின் தொகை ஐரோப்பாவிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. இவர்களிடமும் வாக்குமூலங்கள், அவற்றிலும் பொடிகள். 1798க்குப் பிறகு கோட்டை வோ பிரதேசத்து மக்களுடையது. 1887இல் மறுசீரமைப்புக்கென ஒரு சங்கம் தோன்றியது. அந்த நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆல்பெர் நாஃப் என்ற தொல்லியல் அறிஞர் வெகு நிதானமாக, கற்பனையை அடக்கிக்கொண்டு வேலை செய்தார். இன்று அது நன்றாகத்தான் இருக்கிறது. எதிரே மலைக்குள் இரண்டாம் உலக யுத்த காலத்தில் குடைந்த இன்னொரு கோட்டையும் இருக்கிறது. அந்தக் குறுகலை மறிக்கும் எண்ணம் 800 வருஷம் கழித்தும் மாறவில்லை.

ஷெல்லி அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய கடிதம் 1817இல் புத்தகத்தில் வந்தது. நிலவறையில் கைதிகளைத் தூக்கிலிட்ட உத்தரத்தைப் பார்த்து, மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமைக்கு இதைவிடக் கொடிய சின்னத்தைக் கண்டதில்லை என்ற பொருளில் எழுதுகிறார். பைரனுக்கு இல்லாத ஒரு நடுக்கம் இதில் இருக்கிறது. ஒரு பெயரோடு நின்றுவிடாத நடுக்கம். அதே பயணத்தில் இரண்டு பேரும் கிளாரன்ஸுக்கும் போனார்கள். ரூசோவின் ஜூலி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஊர் அது. அவள் முதல் முத்தம் கொடுத்த தோப்பைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார்கள். மரங்கள் இல்லை, சான் பெர்னார் மடத்துத் துறவிகளின் நிலம் அது, அவர்கள் வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும் இருவருக்கும் ஆத்திரம். ஆனாலும் ஊர்க்காரர்கள் இடத்தைக் காட்டினார்கள். அந்த நாவலின் பாத்திரங்கள் உண்மையில் அங்கே வாழ்ந்தவர்கள் என்றே அவர்கள் நம்பியிருந்ததாக ஷெல்லி குறித்திருக்கிறார். வைத்தியர் பலவிஞ்ஞியைப் படகிலிருந்து இறக்கி நிறுத்திய ஊற்றும் அதே ஊரில்தான் இருந்தது.